ஓரிகன் குலுக்கல், 2008: காப்பீடு என்ன செய்தது என்று எப்படித் தெரிந்தது?

2010-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளின் பதிவுகளை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு மெடிக்கெய்டு. அதில் இருந்த நோயாளிகள், காப்பீடே இல்லாத நோயாளிகளைவிட மருத்துவமனையில் அதிக விகிதத்தில் இறந்திருந்தார்கள். காப்பீடு இல்லாமல் இருப்பதைவிட மெடிக்கெய்டில் இருப்பது மோசம் என்று இதைப் பிடித்துக்கொண்டு எழுதினவர்கள் உண்டு.

எண்ணில் பிழை இல்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. மெடிக்கெய்டில் யார் வந்து சேர்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஊனமுற்றவர்கள், நீண்டநாள் நோயாளிகள், நோய் முற்றி மருத்துவமனைக்கு வந்தபின் அங்குள்ள ஊழியர்களே விண்ணப்பம் நிரப்பிச் சேர்த்துவிட்டவர்கள். காப்பீடு இல்லாதவர்களில் பலர் இளைஞர்கள். உடம்பு நன்றாக இருப்பதால் காப்பீட்டைப் பற்றி நினைக்காதவர்கள். இந்த இரண்டு கூட்டங்களும் காப்பீடு வருவதற்கு முன்பே வேறுபட்டவை. வயது, வருமானம், ஏற்கெனவே உள்ள நோய் என்று பதிவேட்டில் உள்ளதையெல்லாம் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டலாம். பதிவேட்டில் ஏறாத வேறுபாட்டை எந்தக் கணக்காலும் சரிக்கட்ட முடியாது. நோய் எவ்வளவு முற்றியிருந்தது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவரா, வீட்டில் கவனிக்க ஆள் உண்டா, இவை எதற்கும் பதிவேட்டில் இடமில்லை.

இந்தச் சிக்கலை உடைக்கும் வாய்ப்பு, யாரும் ஆய்வுக்காகத் திட்டமிடாமலே, ஓரிகன் மாநிலத்தில் 2008-ல் கிடைத்தது.

பணம் பத்தாயிரம் பேருக்கு, வரிசையில் தொண்ணூறாயிரம் பேர்

ஓரிகனில் ஏழைப் பெரியவர்களுக்கென ஒரு மெடிக்கெய்டு திட்டம் இருந்தது. 19 முதல் 64 வயது வரை உள்ளவர்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானம், 2,000 டாலருக்குக் குறைவான சொத்து, ஆறு மாதமாகக் காப்பீடு இல்லாதவர்கள் சேரலாம். நிதி நெருக்கடியால் 2004-ல் புதியவர்களைச் சேர்ப்பதை மாநிலம் நிறுத்தியது. 2008-ன் தொடக்கத்தில், விலகிப் போனவர்களால் ஏற்பட்ட காலியிடங்களைக் கணக்கிட்டபோது, இன்னும் சுமார் 10,000 பேரைச் சேர்க்கப் பணம் இருப்பது தெரிந்தது.

யாரைச் சேர்ப்பது? முதலில் வந்தவருக்கு முதலில் கொடுத்தால் இணைய வசதி உள்ளவரும் செய்தி சீக்கிரம் கிடைப்பவரும் முந்திக்கொள்வார்கள். நோயாளிக்கு முன்னுரிமை என்றால் யார் அதிக நோயாளி என்று யார் தீர்ப்பது? மாநிலம் குலுக்கலைத் தேர்ந்தெடுத்தது. ஜனவரி 28 முதல் பிப்ரவரி 29 வரை பெயர் பதியலாம் என்று அறிவித்தது. ஏறத்தாழ 90,000 பேர் பதிந்தார்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை எட்டுச் சுற்றுகளாகக் குலுக்கி 35,169 பேரை எடுத்தார்கள். பத்தாயிரம் இடத்துக்கு இத்தனை பேரை எடுத்ததற்குக் காரணம், எடுக்கப்பட்டவர்களில் பலர் சேரமாட்டார்கள் என்று மாநிலம் எதிர்பார்த்ததுதான். அந்த எதிர்பார்ப்பு பலித்தது. அதன் விளைவைக் கீழே பார்ப்போம்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஏமி ஃபிங்கெல்ஸ்டைன், அப்போது ஹார்வர்டில் இருந்த கேத்தரின் பெய்க்கர், ஓரிகனிலேயே பணியாற்றிய ஹைடி ஆலன், பில் ரைட் ஆகியோர் கொண்ட குழு இந்தக் குலுக்கலின் அருமையை உடனே புரிந்துகொண்டது. அவர்கள் மாநிலத்திடம் கேட்டு வாங்கியது வென்றவர்களின் பட்டியலை மட்டுமல்ல, பதிந்த எல்லோருடைய பட்டியலையும். சீட்டு விழாதவர்களின் பெயர்கள் இல்லாவிட்டால் இந்த ஆய்வே கிடையாது. ஆய்வுக்குப் பொருந்தாதவர்களை நீக்கிய பிறகு கையில் நின்றவர்கள் 74,922 பேர். சீட்டு விழுந்தவர்கள் 29,834, விழாதவர்கள் 45,088.

குடும்பத்தில் எத்தனை பெயர்?

குலுக்கல் என்றவுடன் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று நினைத்துவிடுகிறோம். ஓரிகனில் அப்படி இல்லை. பெயர்களைத் தனித்தனியாகக் குலுக்கினார்கள். ஆனால் ஒருவர் பெயர் விழுந்தால் அவர் வீட்டிலுள்ள எல்லாப் பெரியவர்களும் விண்ணப்பிக்கலாம். கணவன், மனைவி இருவரும் பதிந்திருந்தால் அந்த வீட்டுக்கு இரண்டு சீட்டு. ஆகவே இருவர் பதிந்த வீட்டில் உள்ளவருக்கு வாய்ப்பு கூடுதல்.

இதைக் கவனிக்காமல் எல்லா வென்றவர்களையும் எல்லாத் தோற்றவர்களோடும் ஒப்பிட்டால், வென்றவர்கள் பக்கத்தில் தம்பதிகள் அதிகமாக இருப்பார்கள். துணையோடு வாழ்பவரின் உடல்நிலையும் செலவும் தனியாக வாழ்பவருடையதிலிருந்து வேறுபடும். அந்த வேறுபாடு காப்பீட்டின் பலன் போலத் தோற்றம் தரும். தீர்வு எளிது: ஒரு பெயர் பதிந்த வீடுகளைத் தங்களுக்குள்ளும், இரண்டு பெயர் பதிந்த வீடுகளைத் தங்களுக்குள்ளும் ஒப்பிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். ஒரே வீட்டில் உள்ளவர்கள் ஒன்றாக வென்றார்கள், ஒன்றாகத் தோற்றார்கள் என்பதால் பிழை வரம்பைக் கணக்கிடும்போது வீட்டையே அலகாகக் கொள்ள வேண்டும். ஓரிகன் குழு இரண்டையும் செய்தது. குலுக்கல் தரவைக் கையில் எடுக்கும் யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எவருக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது? வாய்ப்பு சமமாக உள்ளவர்களுக்குள் மட்டுமே குலுக்கல் நியாயம் செய்கிறது.

அடுத்து, குலுக்கல் உண்மையிலேயே குலுக்கல்தானா என்று சோதித்தார்கள். வயது, பாலினம், பதிந்த நாள், குலுக்கலுக்கு முன் மருத்துவமனையில் சேர்ந்த வரலாறு என எல்லாவற்றிலும் இரண்டு கூட்டங்களும் ஒத்திருந்தன. முதலாண்டு முடிவுகளை அலசுவதற்கு முன்பே, எதை எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்று எழுதி வெளியிட்டும் விட்டார்கள். நூறு விதமாக அலசிப் பார்த்து நமக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக் காட்டும் பழக்கம் இந்தத் துறையில் எவ்வளவு பரவலானது என்று தெரிந்தவர்களுக்கு, அந்த முன் அறிவிப்பின் மதிப்பு புரியும்.

வென்றும் சேராதவர்கள்

இனிதான் ஆய்வின் நடுநரம்பு.

சீட்டு விழுந்தவர்களுக்கு விண்ணப்பப் படிவம் அனுப்பினார்கள். 45 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஏறத்தாழ 60 சதவீதம் பேர்தான் அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தகுதி இல்லாமல் நிராகரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் வருமானம் வரம்பைத் தாண்டியிருந்தது. கடைசியில் வென்றவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் மட்டுமே இந்த வழியாகக் காப்பீடு பெற்றார்கள். இன்னொரு பக்கம், தோற்றவர்களில் சுமார் 14 சதவீதம் பேர் கர்ப்பம், ஊனம் போன்ற வேறு தகுதிகளின் வழியே எப்படியோ ஒரு கட்டத்தில் மெடிக்கெய்டுக்குள் வந்துவிட்டார்கள்.

இப்போது யாரை யாரோடு ஒப்பிடுவது? மனம் உடனே போகும் இடம், வென்று சேர்ந்தவர்களை எடுத்து, தோற்றவர்களோடு ஒப்பிடுவது. அதைச் செய்தால் குலுக்கல் போட்டதே வீண். படிவத்தை நிரப்பி நாளுக்குள் அனுப்பியவர் யார்? நோய் உள்ளவர் மறக்காமல் அனுப்பியிருக்கலாம். வேலை கிடைத்து வருமானம் ஏறியவர் விட்டிருக்கலாம். வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்குத் தபால் போயே சேராமல் இருந்திருக்கலாம். சீட்டு விழுந்தது குருட்டு வாய்ப்பு. அதன் பிறகு நடந்ததெல்லாம் அவரவர் சூழ்நிலை. வர்ஜீனியா கணக்கைக் கெடுத்த அதே நஞ்சு, படிவத்தின் வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடும்.

எனவே சேர்ந்தாரா, சேரவில்லையா என்று பார்க்காமல், சீட்டு விழுந்த எல்லோரையும் சீட்டு விழாத எல்லோரோடும் ஒப்பிட வேண்டும். படிவத்தைக் குப்பையில் போட்டவரும் வென்றவர் கணக்கில்தான் இருப்பார். வேறு வழியாகக் காப்பீடு பெற்றவரும் தோற்றவர் கணக்கில்தான் இருப்பார். இப்படிக் கிடைப்பது குலுக்கலின் விளைவு. அது சுத்தமானது, ஆனால் நீர்த்துப்போனது, வென்றவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை என்பதால்.

அதைக் காப்பீட்டின் விளைவாக மாற்ற ஒரு வகுத்தல் போதும். மனச்சோர்வை எடுத்துக்கொள்வோம். போர்ட்லண்ட் பகுதியில் 12,229 பேரை நேரில் சந்தித்து, ரத்தம் எடுத்து, கேள்வி கேட்டுச் செய்த இரண்டாம் கட்ட ஆய்வில், சீட்டு விழாதவர்களில் 30 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. விழுந்தவர்களிடம் அது சுமார் 2.2 சதவீதப் புள்ளி குறைவு. சீட்டு விழுந்ததால் மெடிக்கெய்டில் இருப்பது எவ்வளவு கூடியது? 24.1 புள்ளி. அந்த 2.2 குறைவு முழுவதும் நூற்றுக்கு இந்த 24.1 பேர் வழியாகவே வந்திருக்க வேண்டும் என்றால், அவர்களுக்குள் குறைவு 2.2-ஐ 0.241-ஆல் வகுத்தால் கிடைக்கும். விடை சுமார் 9 புள்ளி. வெளியிட்ட கட்டுரையில் உள்ள எண் 9.15.

கருவி மாறி என்று பாடநூல்கள் சொல்லும் முறை இவ்வளவுதான். குவிடோ இம்பென்ஸும் ஜோஷுவா ஆங்ரிஸ்டும் 1994-ல் இதன் பொருளைத் துல்லியமாக வரையறுத்தார்கள். 2021-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் இருவர் இவர்கள். அவர்கள் காட்டியது: இப்படி வகுத்துக் கிடைக்கும் எண் எல்லோருக்குமான சராசரி அல்ல. சீட்டு விழுந்தால் சேர்வார், விழாவிட்டால் சேரமாட்டார் என்கிற நிலையில் உள்ளவர்களுக்கான சராசரி. எப்படியும் சேர்ந்திருக்கக்கூடிய ஊனமுற்றவரைப் பற்றி அது பேசாது. சீட்டு விழுந்தும் படிவத்தைத் தொடாதவரைப் பற்றியும் பேசாது. இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். என் பார்வையில் இது பலம். காப்பீட்டை விரிவுபடுத்தலாமா என்று யோசிக்கும் அரசுக்கு, கதவைத் திறந்தால் உள்ளே வரப்போகிறவர்களின் நிலைதானே தெரிய வேண்டும்?

வகுத்தலுக்கு நிபந்தனை உண்டு. சீட்டு விழுந்தது, காப்பீடு என்ற ஒரே வழியாக மட்டுமே வாழ்க்கையைத் தொட்டிருக்க வேண்டும். ஓரிகனில் இது கிட்டத்தட்ட உண்மை. முழு உண்மை அல்ல. மெடிக்கெய்டுக்கு விண்ணப்பிக்கப் போன சிலர் உணவு உதவித் திட்டத்திலும் சேர்ந்துவிட்டார்கள். அந்த அளவு சிறியது என்று குழு காட்டியது. ஆனால் இந்த நிபந்தனையைக் குலுக்கல் தானாகத் தந்துவிடாது. திட்டத்தை அருகிலிருந்து அறிந்தவர் யோசித்துத்தான் சொல்ல முடியும்.

என்ன தெரிந்தது

முதலாண்டு முடிவுகள் 2012-ல் வெளியாயின. காப்பீடு பெற்றவர்கள் மருத்துவத்தை அதிகம் பயன்படுத்தினார்கள். மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 30 சதவீதமும், மருத்துவரிடம் போகும் வாய்ப்பு 35 சதவீதமும், மருந்து வாங்கும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடின. மருத்துவக் கடன் வசூல்காரரிடம் போவது கால்பங்கு குறைந்தது. தங்கள் உடல்நிலை நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் 25 சதவீதம் கூடினார்கள். அந்த முன்னேற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, காப்பீடு கைக்கு வந்த முதல் மாத வாக்கிலேயே தெரிந்துவிட்டது. மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்பே மனம் நிம்மதி அடைந்திருக்கிறது. அது உடல்நலம் அல்ல, வெறும் உணர்வு என்று சிலர் ஒதுக்கினார்கள். நோய் வந்தால் வீடு போய்விடுமோ என்ற பயம் நீங்குவது சிறிய காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை; காப்பீடு என்பதே முதலில் அதற்காகத்தான்.

2014 ஜனவரியில் வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. ஏழைகளுக்குக் காப்பீடு கொடுத்தால் அவசரப் பிரிவுக்கு ஓடுவது குறையும், செலவு மிச்சமாகும் என்பது அதுவரை காப்பீட்டு ஆதரவாளர்கள் பலர் சொல்லிவந்தது. போர்ட்லண்டின் 12 மருத்துவமனைகளின் பதிவு வேறு சொன்னது. பதினெட்டு மாதத்தில் சீட்டு விழாதவர் ஒருவர் சராசரியாக 1.02 முறை அவசரப் பிரிவுக்குப் போனார். காப்பீடு அதோடு 0.41 முறையைக் கூட்டியது. 40 சதவீத உயர்வு. விலை குறைந்தால் எல்லாவகை மருத்துவமும் கூடுகிறது, அவசரப் பிரிவும் சேர்த்து. இரண்டு கட்சிக்கும் பிடித்ததையும் பிடிக்காததையும் ஒரே குலுக்கல் தந்தது.

‘விளைவு இல்லை’ என்று சொன்னதா?

பெரும் சண்டை 2013 மே மாதத்தில் நடந்தது. ஒபாமா காலக் காப்பீட்டுச் சட்டத்தின்படி மெடிக்கெய்டை விரிவாக்குவதா என்று ஒவ்வொரு மாநிலமும் முடிவெடுக்கும் நேரம். நியூ இங்லண்ட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, ரத்தச் சர்க்கரை மூன்றிலும் புள்ளியியல்படி உறுதியான மாற்றம் இல்லை என்றது. மறுநாளே, மெடிக்கெய்டு உடல்நலத்துக்குப் பயன் இல்லை என்று தலைப்புகள் வந்தன.

கட்டுரையில் இருந்த எண்களைப் பார்ப்போம். சீட்டு விழாதவர்களில் 5.1 சதவீதம் பேருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். காப்பீடு அதை 0.93 புள்ளி குறைத்ததாக மதிப்பீடு. ஆனால் 95 சதவீத நம்பக வரம்பு, 2.44 புள்ளி குறைவிலிருந்து 0.57 புள்ளி கூடுதல் வரை. விரித்துச் சொன்னால், கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கலாம். சற்றுக் கூடியும் இருக்கலாம். எதையும் இந்தத் தரவு மறுக்கவில்லை. சர்க்கரை நோய் கண்டறிவது 3.83 புள்ளியும், அதற்கு மருந்து சாப்பிடுவது 5.43 புள்ளியும் கூடியது உறுதியாகத் தெரிந்தது. அந்த மருந்து எவ்வளவு சர்க்கரையைக் குறைக்கும் என்று மருத்துவ ஆய்வுகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. அந்த எதிர்பார்ப்பு இந்த வரம்புக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இதைக் கட்டுரையாசிரியர்களே எழுதியிருந்தார்கள். தலைப்புப் போட்டவர்கள் அதுவரை படிக்கவில்லை.

பன்னிரண்டாயிரம் பேரைச் சோதித்தும் ஏன் இவ்வளவு அகலமான வரம்பு? காரணம் அந்த வகுத்தல். 0.241-ஆல் வகுக்கும்போது விளைவு மட்டும் நான்கு மடங்காகவில்லை, பிழையும் நான்கு மடங்காகிறது. ஒரே துல்லியம் வேண்டுமானால் ஆட்கள் ஏறத்தாழ 17 மடங்கு வேண்டும். எல்லா வெற்றியாளரும் சேர்ந்து, தோற்றவர் எவரும் சேராத ஒரு கற்பனை ஆய்வில் சுமார் 700 பேரை வைத்துத் தெரிவது, இங்கே 12,229 பேரை வைத்துத் தெரிகிறது. நூறில் ஐந்து பேருக்கு மட்டுமே உள்ள நோயில், 700 பேரை வைத்து நுட்பமான மாற்றத்தைப் பிடிக்க முடியாது. மனச்சோர்வு 30 சதவீதம் பேருக்கு இருந்தது, மாற்றமும் பெரிது. அதனால் அது தெரிந்தது. மருத்துவச் செலவால் குடும்பமே நொடிவது அநேகமாக மறைந்துபோனதும், மாற்றம் அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் தெரிந்தது.

உயிரிழப்பு இன்னும் அரிது. ஓரிகன் தரவால் அதைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு இன்னொரு குலுக்கல் தேவைப்பட்டது, அதுவும் பணம் போதாமையால் நேர்ந்ததே. அதே ஒபாமா காலச் சட்டப்படி காப்பீடு எடுக்காததற்காக அபராதம் கட்டிய 45 லட்சம் குடும்பங்களுக்கு, காப்பீட்டு வாய்ப்புகளை விளக்கிக் கடிதம் அனுப்ப அமெரிக்க வருமானவரித் துறை நினைத்தது. எல்லோருக்கும் அனுப்ப நிதி இல்லை; குலுக்கலில் 39 லட்சம் குடும்பங்களுக்கு மட்டும், 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் போயிற்று. கடிதத்தால் காப்பீடு எடுத்தவர்கள் மிகச் சிறு பங்குதான், ஓரிகனைவிட எவ்வளவோ நீர்த்த குலுக்கல். ஆனால் ஆட்கள் லட்சக்கணக்கில். முன்பு காப்பீடு இல்லாத, 45 முதல் 64 வயதுள்ளவர்களில், கடிதம் போன 1,648 பேருக்கு ஓர் உயிர் வீதம் அடுத்த இரண்டாண்டுகளில் காப்பாற்றப்பட்டதாக கோல்டின், லூரி, மெக்கபின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கணக்கிட்டார்கள்.

தோற்றவர்களின் பட்டியல் எங்கே?

ஓரிகனின் ஒப்பீடு நீண்டநாள் நிற்கவில்லை. 2009 இலையுதிர் காலத்தில் மாநிலம் மறுபடி இடங்களைத் திறந்தது. தோற்றவர்களுக்கும் வாய்ப்பு கிடைத்தது. இரண்டாண்டுக்குப் பிறகு இரண்டு கூட்டங்களையும் பிரிக்கும் கோடு அழிந்துவிட்டது. பத்தாண்டு கழித்து என்ன ஆயிற்று என்று இந்தக் குலுக்கலிடம் கேட்க முடியாது. தோற்றவர்களுக்குக் காப்பீடு கிடைத்ததில் ஆய்வாளர் யாரும் வருத்தப்படக் கூடாது. அந்த இரண்டாண்டுத் தரவைச் சேகரித்து வைத்ததற்கு நன்றி சொல்லலாம். அது தேசியப் பொருளாதார ஆய்வு மையத்தின் தளத்தில் பொதுவில் கிடைக்கிறது. எடுப்பவர்கள் வீட்டில் பதிந்த பெயர் எண்ணிக்கை என்ற மாறியை மறக்காமல் சேர்க்க வேண்டும்.

நம்மூரிலும் குலுக்கல் ஆண்டுதோறும் நடக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 12(1)(இ) பிரிவின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று சேர்ந்தவர்களின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாராவது அறிக்கை எழுதினால் அதற்குப் பொருள் இல்லை. தேவையானவை ஒவ்வொரு பள்ளியின் ஒவ்வொரு குலுக்கலிலும் பெயர் இருந்த எல்லாப் பிள்ளைகளின் பதிவு. எந்தப் பிரிவில், எத்தனை பள்ளிகளுக்கு விண்ணப்பித்தார்கள் என்ற விவரம். சீட்டு விழுந்ததா என்ற குறிப்பு. விழுந்தும் சேராதவர்கள் யார் என்பது. இரண்டு பள்ளிக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு இரண்டு சீட்டு, ஓரிகன் தம்பதியைப் போலவே. ஆகவே ஒரே பள்ளிகளுக்கு விண்ணப்பித்தவர்களைத் தங்களுக்குள் ஒப்பிட வேண்டும். குலுக்கல் முடிந்த அன்று மாலையே விழாதவர்களின் தாள்களைக் கட்டி எறிந்துவிட்டால், ஐந்தாண்டு கழித்து எவ்வளவு திறமையான புள்ளியியலாளர் வந்தாலும் அவற்றை மீட்க முடியாது.